ராக்கெட் விடுறாங்க மேடம்

கடன் வாங்கியது அண்ணன், என் பெரியப்பா மகன். போன் வருவது எனக்கு. கார்டு விண்ணப்பத்தில் ‘ரெஃபரன்ஸ்’ என்று ஒரு கட்டம் இருந்ததாம், அதில் என் நம்பரை எழுதிவிட்டானாம். அப்போது குடும்பத்தில் செல்போன் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். “உனக்கு ஒரு மரியாதையா இருக்கட்டும்னு எழுதினேன்” என்கிறான் இன்றைக்கும். அந்த மரியாதைதான் வருஷக்கணக்காக மணியடித்துக்கொண்டிருக்கிறது.

சென்னையில் பெட்ரோல் பங்க் வாசலில் குடை நட்டு, டை கட்டின பையன்கள் கிரெடிட் கார்டு கொடுத்த காலம் அது. அண்ணன் எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தான். சம்பளச் சீட்டைக் காட்டினான், கையெழுத்துப் போட்டான், ‘லைஃப்டைம் ஃப்ரீ’ என்றார்கள். எங்கள் கோட்டைக்குப்பத்தில் ஆயிரம் ரூபாய் கைமாற்றுக் கேட்டால் தாத்தா காலத்துப் பாக்கி வரைக்கும் கிளறிவிட்டுத்தான் கொடுப்பார்கள். முன்பின் தெரியாத ஒருத்தன் நின்ற நிலையில் நாற்பதாயிரத்துக்கு நம்பியதை அண்ணன் பெரிய கௌரவமாக எடுத்துக்கொண்டான். ஃபிரிட்ஜ் வந்தது. தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டு வந்தது. பெரியம்மா ஆஸ்பத்திரிச் செலவும் அதிலேயே போனது. அப்புறம் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தது.

ஊருக்குத் திரும்பினான். தலைக்கட்டு வரியைக் கட்டி, பாட்டில் பெயரைச் சேர்த்துக்கொண்டான். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: பழவேற்காடு ஏரியில் எங்கள் குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்றும் பாட்டு முறையில் தொழில் செய்கிற ஊர்கள். இறாலுக்குச் சுத்து வலை போடுகிற நல்ல இடங்களை ஊர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பது சீட்டுப் போட்டு முடிவாகும். சிபில் ஸ்கோர் கேட்பதில்லை.

கடன் கொடுப்பவர்களும் இங்கே புதிதில்லை. வலைக்கும் படகுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரி, கரையில் வந்து நின்று கூடையை எட்டிப் பார்ப்பார். மீன் இருந்தால் அவர் சொன்ன விலைக்குப் போகும். இல்லையென்றால் அவருக்கே தெரிந்துவிடும், காரணம் சொல்லத் தேவையில்லை. தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்கிப்போவார். இவர்களை நான் புகழ வரவில்லை. கொள்ளைதான். ஆனால் முகம் தெரிந்த கொள்ளை. சாவு வீட்டு வாசலில் தண்டல் நோட்டை நீட்டமாட்டார்கள். கூட வந்து உட்கார்ந்துவிட்டு மறுநாள் வருவார்கள்.

கார்டு பில்லை நான்தான் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் என்பதால் ஊரில் இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் என் தலையில்தான் விழும்.

“வட்டி எவ்ளோ போட்டுக்கீறான்?”

“மாசம் மூணரை.”

“அவ்ளோதானா? இங்க அஞ்சு வட்டிக்கே கெஞ்சணும். பேங்க்காரன் நல்லவன்டா.”

அடுத்த வரிகளைப் படித்தேன். வட்டிக்கு வட்டி. தாமதக் கட்டணம். லிமிட் தாண்டிய கட்டணம். எல்லாவற்றுக்கும் மேல் சேவை வரி. இப்போது கார்டு வைத்திருப்பவர்களுக்கு அது 18 சதவீத ஜி.எஸ்.டி. பெரியப்பா பீடியை அணைத்துவிட்டார். “வட்டிக்கு வரியா? கந்து வட்டிக்காரன்கூட கவர்மென்டுக்குப் பங்கு கேட்டதில்லையே!”

மூணரை வட்டி என்றால் வருஷத்துக்கு 42 சதவீதம். கார்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி போடுவது நியாயமற்ற வணிகம் என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பெரியப்பாவிடம் நான் இன்னும் இதைச் சொல்லவில்லை.

போன் செய்பவர்களில் பல ரகம் உண்டு. இந்தியில் ஆரம்பித்து என் மௌனத்தைக் கேட்டு இங்கிலீஷுக்கு மாறுபவர்கள். “தம்பி, உங்க அண்ணனுக்கு நல்லது சொல்றேன்” என்று உறவு கொண்டாடுபவர்கள். “ஹைகோர்ட்ல இருந்து அட்வகேட் பேசறேன், வாரண்ட் ரெடி” என்று ஒருத்தர் மிரட்டினார். பின்னால் “மாஸ்டர், ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி” என்று தெளிவாகக் கேட்டது. இவர்களில் யாருக்கும் இதற்கு முன் பேசியவர் யார், என்ன பேசினோம் என்பது தெரியாது. ஒவ்வொருவருக்கும் அண்ணன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லிக் கதை நன்றாக மெருகேறிவிட்டது.

காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. நல்ல உத்தரவு. எழுதியவர் ஏரியில் வலை போட்டிருக்கமாட்டார். ராத்திரியெல்லாம் தண்ணீரில் நின்றுவிட்டு விடிந்தபின் கரையேறுகிற அண்ணனுக்குக் காலை 8 மணி என்பது நடுநிசி. அவன் போனை அணைத்துவிட்டுத் தூங்குவான். அவர்கள் உடனே ரெஃபரன்ஸைக் கூப்பிடுவார்கள். கடனுக்குச் சம்பந்தமில்லாதவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது என்றேன் ஒருநாள். “நாங்க தொந்தரவு பண்ணல சார், தகவல் சொல்றோம்” என்றது குரல்.

ஒரு மேடம் நிஜமாகவே அன்பாகப் பேசினார். அண்ணன் ஏன் இந்த வாரம் பணம் கட்டவில்லை என்று கேட்டார்.

“கடலுக்குப் போகல மேடம்.”

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“இல்ல மேடம். ராக்கெட் விடுறாங்க.”

சற்று நேரம் சத்தமில்லை. “சார், மாமியார் செத்துட்டாங்கன்னு சொல்வாங்க, ஏ.டி.எம். கார்டு தொலைஞ்சுடுச்சுன்னு சொல்வாங்க. ராக்கெட் விடுறாங்கன்னு இன்னைக்குத்தான் முதல் தடவை கேக்குறேன்.”

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடப்பதுதான் ஸ்ரீஹரிகோட்டா தீவு, அங்கே ராக்கெட் ஏறுகிற நாளில் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கீபோர்டு சத்தம் கேட்டது. காரணம் என்ற கட்டத்தில் என்ன தட்டினார் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றுவரை ஆசை.

போனுக்குப் பலனில்லாமல் ஆள் அனுப்பினார்கள். முதல் ஆள் ஒரு மத்தியான வெயிலில் கூப்பிட்டார். “சார், கோட்டக்குப்பத்துலதான் நிக்கிறேன். வீடு எங்க?” சுற்றி என்ன தெரிகிறது என்று கேட்டேன். ஈ.சி.ஆர். தெரிகிறதாம், பெரிய பள்ளிவாசல் தெரிகிறதாம், பாண்டிச்சேரி பஸ் போகிறதாம். புரிந்துவிட்டது. விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரியை ஒட்டி இருக்கிற கோட்டக்குப்பத்துக்குப் போயிருக்கிறார். நாங்கள் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாண்டி. சென்னைக்கு வந்து அந்தப் பக்கம் இன்னும் மேலே வர வேண்டும், சுமார் இருநூறு கிலோமீட்டர் என்றேன். “பெட்ரோலுக்குத் தரமாட்டாங்க சார்” என்றார். அந்தக் குரலுக்கு என்ன பதில் சொல்வது? வெயில் தாழ்ந்தபின் கிளம்புங்கள் என்றேன்.

இரண்டாவதாக வந்த பையனை கூகுள் மேப் சரியான ஊருக்குத்தான் கொண்டுவந்தது, ஆனால் டச்சுக் கல்லறை வாசலில் இறக்கிவிட்டுவிட்டது. அந்த வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு இரண்டு நிற்கும். விசிட் போனதற்குச் சாட்சியாக, இடம் பதிவாகும்படி போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். நான் போய்ச் சேரும்போது அனுப்பிவிட்டிருந்தான். ‘வாடிக்கையாளர் சந்திக்கக் கிடைக்கவில்லை’ என்ற குறிப்புக்குக் கீழே இரண்டு எலும்புக்கூடுகள். மேலதிகாரி என்ன நினைத்திருப்பார்?

அடையாள அட்டையும் அனுமதிக் கடிதமும் கேட்டேன். கேட்க நமக்கு உரிமை உண்டு. தண்ணீர் பாட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினான். டீ வாங்கிக் கொடுத்தேன். “கோட்டை எங்க சார் இருக்கு?” என்றான். முள்ளுப் புதரைக் காட்டினேன். 1613-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய கெல்ட்ரியா கோட்டை அது. எங்கள் குப்பத்தின் பெயரில் இருக்கிற கோட்டையும் அதுதான். உலகத்துக்கே துணியும் மசாலாவும் விற்ற கம்பெனி, கடைசியில் 10 கோடி கில்டருக்கு மேல் கடன் வைத்துவிட்டு 1799-ல் கதையை முடித்துக்கொண்டது. கடனை அந்த நாட்டு அரசாங்கமே தலையில் ஏற்றிக்கொண்டது.

“அவங்களுக்குக் கலெக்‌ஷன் யாரு சார் போனது?”

“யாரும் போகலப்பா.”

டீயை ஊதிக் குடித்தபடி யோசித்தான். “கரெக்டுதான் சார். பெரிய அமௌன்ட்டுக்கு ஃபீல்டு விசிட் கிடையாது.”

பொன்னேரியில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். பணம் கட்டுவது நின்று மூன்று வருஷத்துக்குள் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும், 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, இந்தக் கடன் அதைத் தாண்டி எப்போதோ போய்விட்டது என்றார். “அப்ப ஏன் சார் போன் பண்றாங்க?” என்றான் அண்ணன். “கேக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லலியே. ஆனா ஒண்ணு, ‘கட்டிடறேன்’னு எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டுடாத. ஒப்பந்தச் சட்டம் 25-வது பிரிவுல அது புதுக் கடனா எழுந்து உக்காந்துக்கும்.” மாசக் கடைசிக்குள் கட்டுகிறேன் என்று வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி போடுங்கள் என்று அத்தனை பேரும் ஏன் கெஞ்சினார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அதன்பிறகு கொஞ்ச நாள் அண்ணன் மகளுடைய ரேங்க் கார்டில்கூடக் கையெழுத்துப் போடவில்லை. அண்ணிதான் போட்டாள்.

அந்த மகள்தான் கடைசியில் விஷயத்தை முடித்துவைத்தாள். காலேஜில் இடம் கிடைத்தது, கல்விக்கடனுக்கு அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அப்பாவின் சிபிலில் பழைய கார்டு நிற்கிறது. கோர்ட்டில் செல்லாத கடன் பேங்க் மேனேஜர் மேஜையில் செல்லும். சரி, பேசி முடிப்போம் என்று முடிவானது. வங்கியைக் கேட்டால் கணக்கு எங்களிடம் இல்லை என்றார்கள். பாக்கிகளை மூட்டையாகக் கட்டி ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றாகிவிட்டதாம். அங்கிருந்து ஒருத்தர் பேசினார். நாற்பதாயிரம் அவர் கணக்கில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரமாக நின்றது. நல்ல மனசோடு ஒன்றரை லட்சத்துக்கு முடித்துத் தருகிறேன் என்றார்.

அண்ணி போனைப் பிடுங்கினாள். அவள் கூடை தூக்கிப் பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்றவள்.

“எவ்ளோ சொன்ன?”

“ஒன்றரை லட்சம் மேடம். ஸ்பெஷல் ஆஃபர்.”

“இருபதாயிரம் தரேன்.”

“மேடம், சிஸ்டம் ஒத்துக்காது.”

“அப்ப சிஸ்டத்தையே வச்சுக்கோ.” வைத்துவிட்டாள்.

எனக்குப் பதறியது. அண்ணி அசையவில்லை. “திரும்பி வருவான் பாரு” என்று நண்டைக் கழுவப் போய்விட்டாள். அரை மணியில் வந்தான், தொண்ணூறாயிரம் என்றான். “அதே மீனு காலையில ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. எனக்கு அவசரமில்ல கண்ணு. உனக்கு இந்த மாசம் கணக்கு முடிக்கணும்ல?” என்றாள். மறுமுனையில் பேச்சே இல்லை. அவனுக்கு மாச டார்கெட் இருக்கும் என்பது இவளுக்கு யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டான், தினமும் இறங்கினான். அது மார்ச் மாதம். கடைசி வாரத்தில் அவனே, “அக்கா, முப்பத்தஞ்சு. இதுக்குக் கீழ என் மேனேஜர் என்னைத் தூக்கிடுவாரு” என்றான். மேடம் அக்காவாகியிருந்தாள்.

“சரி. மொதல்ல லெட்டர் அனுப்பு. இவ்ளோ கட்டுனா கணக்கு முடிஞ்சதுன்னு எழுதி, சீல் வச்சு. அப்புறம் கம்பெனி அக்கவுன்ட்டுல போடுறேன். உன் கையில தரமாட்டேன்.”

கடிதம் வந்தது, பணம் போனது, பாக்கி இல்லை என்ற சான்றிதழும் வந்தது. சிபிலில் ‘க்ளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்றுதான் வரும், அது அரை மார்க்தான் என்று வக்கீல் சொன்னார். மேனேஜர் சான்றிதழைப் பார்த்து, மூக்கைச் சொறிந்து, கல்விக்கடனைக் கொடுத்துவிட்டார்.

பெரியப்பா அந்தச் சான்றிதழை லேமினேஷன் போடச் சொன்னார். என் கடையில்தான் போட்டேன். காசு வாங்கவில்லை.

போன வாரம் போன் வந்தது. புதுக் குரல், சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து நாளாகியிருக்காது. அண்ணன் பெயரைச் சொல்லி, கார்டு பாக்கி இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்றாள். லேமினேஷனை எடுத்து வரிவரியாகப் படித்தேன். தேதி, கடித எண், சீல் எல்லாம்.

“சார், எங்களுக்கு இதெல்லாம் வரவே இல்லையே. எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்ப முடியுமா? டீம் லீடர்கிட்ட காட்டணும்.”

அனுப்பினேன். நன்றி சொன்னாள்.

“இனிமே போன் வராதாம்மா?”

“என் லிஸ்ட்ல இருந்து வராது சார்” என்றாள். “மத்த லிஸ்டெல்லாம் யார்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாது.”