தட்டின் ஓரத்தில் ஒரு விரல்

2000ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், டெட்ராய்ட் நதிக்கரையில் ஹார்ட் பிளாசாவில் முதல் எலக்ட்ரானிக் இசை விழா நடந்தபோது நுழைவுச் சீட்டு என்ற ஒன்றே கிடையாது. கார் கம்பெனி வேலையாக அந்த ஊரில் இருந்த நான், சத்தம் வந்த திசையில் நடந்தே உள்ளே போய்விட்டேன். பக்கத்து பெல்வில்லில் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் 80களில் உருவாக்கிய டெக்னோ இசைக்கு, ஐரோப்பா கொண்டாடித் தீர்த்த பிறகுதான் சொந்த ஊர்ச் சதுக்கத்தில் இவ்வளவு பெரிய மேடை கிடைத்திருந்தது.

அப்போதெல்லாம் டிஜேயின் முகத்தை யார் பார்த்தார்கள்? விரலைத்தான் பார்ப்போம். ஹெட்போனை ஒரு காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, சுழலும் இசைத்தட்டின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் தடவி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் பட்டையை மயிரிழை நகர்த்துவார். சோடி சேராத மாடுகள் இழுக்கும் வண்டிபோல இரண்டு தட்டுகளின் கிக் டிரம்களும் கொஞ்சம் இடறி, பிறகு சட்டென்று ஒன்றாகிவிடும். அந்த இடறலை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டவர்களுக்குத்தான் அது சேரும்போது கிடைக்கும் ஆனந்தம் புரியும். மெட்டே இல்லாமல் வெறும் இரைச்சலையும் ரோலண்ட் 909 டிரம் மெஷினின் தாளத்தையும் வைத்துக் கட்டிய சோதனை இசையைக்கூட, அந்த விரலை நம்பித்தான் பின்தொடர்ந்தோம். தட்டின் நடுவில் வெறும் வெள்ளைத்தாள், பெயர் இருக்காது. இசைத்தட்டுக் கடைக்குப் போய் வாயாலேயே தாளம் போட்டுக் காட்டினால், கடைக்காரரும் பதிலுக்கு வாயாலேயே ஒன்று போடுவார். உங்களுக்கும் அப்படி ஒரு கடை இருந்திருக்கும்.

மூவ்மென்ட் என்ற பெயரில் அதே சதுக்கத்தில் இன்று நடக்கும் விழாவுக்கு, மூன்று நாள் சீட்டு 200 டாலருக்கு மேல். பாட்டின் பெயரைப் போன் நொடியில் சொல்லிவிடுகிறது. சிங்க் பொத்தானை அழுத்தினால் தாளம் தானே சேர்ந்துகொள்கிறது. இதை இழப்பு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிர்க்கரையில் கனடாவின் வின்சர் அருகே வளர்ந்த ரிச்சி ஹாட்டின், 2001இல் 100க்கும் மேற்பட்ட பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் துண்டு துண்டாக வெட்டி ஒரே ஓட்டமாகத் தைத்து ஒரு ஆல்பம் தந்தார். வெறும் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு அதைச் செய்திருக்கவே முடியாது. தாளம் சேர்க்கும் வேலை கையை விட்டுப் போனதால், அந்தக் கை வேறெதையோ தேடப் போயிருக்கிறது. அது கொண்டுவந்து தருவதையும் ஆசையாகத்தான் கேட்கிறேன்.

டிஜேக்கள் தட்டு சுழற்றிய டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிளின் தயாரிப்பை 2010இல் நிறுத்தியபோது, வேண்டியவர் ஒருவர் போய்விட்டதுபோல் வருந்தினோம். 2016இல் அது திரும்பி வந்தது, விலை மட்டும் எங்கேயோ போய்விட்டிருந்தது. ஆனாலும் இருபது வயதுப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கி, பிட்ச் பட்டையில் விரல் பழகுகிறார்கள். அவர்களில் ஒருவர் அந்தச் சதுக்கத்து மேடையில் ஏறட்டும், சீட்டு என்ன விலை விற்றாலும் முன்வரிசையில் நான் நிற்பேன்.