அண்ணாச்சி, மைனியையும் கூட்டிட்டு வாங்க!

வீரவநல்லூர் வாசகர்: விவசாயிக்குத் தலைமைப் பயிற்சி எதற்கு? நடத் தெரியும், அறுக்கத் தெரியும். அது போதாதா?

உங்களுக்கென்று தனி ஆறு ஓடினால் போதும். கன்னடியன் கால்வாயில் அல்லவா இருக்கிறீர்கள்! எட்டு அணைக்கட்டு, பதினோரு கால்வாய், 86,107 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே தாமிரபரணி. எந்த உரத்தை எத்தனையாவது நாளில் போடுவது என்று உரக்கடைக்காரரே சொல்லிவிடுவார். பாபநாசம் அணை பாதிகூட நிரம்பாத கார் சாகுபடியில் யார் மடையை எந்த ராத்திரி அடைப்பது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள், கடையை அடைத்துவிடுவார். மண்வெட்டியை ஓங்காமல் முறைத்தண்ணீரைப் பேசி முடிக்க ஊருக்கு நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேருக்குத்தான் பயிற்சி. கடைமடைக்காரரை முதல் வரிசையில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது. தண்ணீர்தான் கடைசியில் வருகிறது, நாற்காலியாவது முதலில் வரட்டும்.

சேரன்மகாதேவி வாசகி: களை எடுப்பது நான், கதிர் கட்டுவது நான். பயிற்சிக்கு அழைப்பு மட்டும் என் வீட்டுக்காரருக்கே வருகிறதே?

அழைப்பு பட்டாவைப் பார்த்து வருகிறது, பட்டா பெரும்பாலும் வேட்டி கட்டியிருக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சாகுபடிக் கைப்பற்றுகளில் ஏறக்குறைய 14 சதவீதம்தான் பெண்கள் பெயரில். மீதி நிலத்தில் பெண்கள் என்ன பல்லாங்குழியா ஆடுகிறார்கள்? விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் அட்மா திட்டத்தில் குறைந்தது 30 சதவீத நிதி பெண் விவசாயிகளுக்குப் போக வேண்டும் என்று விதியே இருக்கிறது. உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடம் போய், 'என் பெயரைத் தனியாக எழுதுங்கள்' என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் வீட்டுக்காரர் கையெழுத்துக்குக் கீழே 'மற்றும் மனைவி' என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். 'மற்றும்' என்று யாருக்கும் பெயர் வைத்ததில்லை.

கடையம் வாசகர்: அவள் பயிற்சிக்குப் போய்விட்டால் மத்தியானச் சோறு?

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் கொடுத்த அம்பை 16-ஐ நட்டு, அறுத்து, அவித்து, அரைத்தும் விட்டீர்கள். கடைசி வேலை ஒன்றுதான் பாக்கி. குக்கர் பட்டா கேட்பதில்லை.

ஆழ்வார்திருநகரி வாசகர்: புருஷன் பெண்சாதியாகப் பயிற்சிக்குப் போவதெல்லாம் அமெரிக்கப் பழக்கம். நமக்கு ஒத்துவருமா?

அங்கே சோயா விவசாயிகள் சங்கம் இளம் தலைவர்களுக்கு 1984 முதல் பயிற்சி நடத்துகிறது, தம்பதியாகவும் வரலாம் என்பது உண்மைதான். நாம் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. 1986-இல் நம் வேளாண்துறை 'தான்வா' என்று ஒரு திட்டம் தொடங்கியது, பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். உதவிப் பணம் டென்மார்க்குடையது, மற்றதெல்லாம் உள்ளூர். சிறு, குறு விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்கு ஊருக்குள்ளேயே வகுப்பு. சொல்லித் தந்தவர்கள் பெண் வேளாண்மை அலுவலர்கள். கற்றுக்கொண்டவர் பக்கத்து வயல் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டும் என்பதுதான் அதில் சூட்சுமம்.

நெல் விதைத்தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். வாளியில் பத்து லிட்டர் தண்ணீர், அதில் ஒரு கோழிமுட்டை. முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உப்பைக் கொட்டிக் கலக்கக் கலக்க எழும்பும். பழைய நாலணாக் காசு அளவுக்கு ஓடு வெளியே தெரிந்ததும் நிறுத்த வேண்டும். ஒன்றரைக் கிலோ உப்பு பிடிக்கும். இப்போது விதைநெல்லைப் போட்டால் பதர் மிதக்கும், கனத்த நெல் தங்கும். உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசாவிட்டால் முளைப்பு போச்சு. இதைப் பத்துப் பேர் நடுவில் செய்து பாருங்கள். 'உப்பு பட்டா நெல்லு வெந்துபோகாதா?' என்பார் ஓர் ஆச்சி. 'அது யார் வீட்டுக் கோழி?' என்று இன்னொரு விசாரணை கிளம்பும். இரண்டுக்கும் பதில் சொல்லி, வாளியையும் கவிழ்க்காமல் முடித்த பெண்ணுக்குக் கலெக்டர் அலுவலக மைக் ஒரு பொருட்டே இல்லை. தலைமைப் பயிற்சி என்று பேர் வைக்காமலே நடந்த தலைமைப் பயிற்சி அது.

எனக்குத் தான்வாவில் ஒரே ஒரு மனக்குறை. பெண்ணைக் கூப்பிட்டவர்கள் வீட்டுக்காரரைக் கூப்பிடவில்லை. அவர் 'எங்கப்பா முட்டை போட்டா விதைச்சாரு?' என்று கேட்டுவிட்டால் பாடம் வாளியோடு நின்றுபோகும். ஆண்களை மட்டும் கூப்பிட்டால் பாடம் டீக்கடையோடு நின்றுபோகும். ஆகவேதான் ஜோடியாக வரச் சொல்கிறேன், அமெரிக்காவைப் பார்த்து அல்ல.

முக்கூடல் வாசகி: என் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இயக்குநர் ஆக முடியுமா?

தாராளமாக. சட்டம் கேட்பது நீங்கள் உற்பத்தியாளரா என்பதைத்தான். மாடு வைத்துப் பால் கறந்தாலும் உற்பத்தியாளர்தான். பத்து உற்பத்தியாளர் சேர்ந்தால் நிறுவனம் தொடங்கலாம். இயக்குநர்கள் ஐந்து முதல் பதினைந்து பேர். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. பத்து ஏக்கர் பண்ணையாரும் பால்கார அக்காவும் அங்கே சமம். நடைமுறையில் பட்டா நகல் கேட்டால், எந்த விதிப்படி என்று காட்டச் சொல்லுங்கள்.

பாசன சபை வேறு மாதிரி. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரர்தான் உறுப்பினர். அங்கே நுழையப் பெயரில் நிலம் வேண்டும். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அடுத்த துண்டு நிலம் வாங்கும்போது வீட்டுக்காரரிடம் சமத்துவம் பேசாதீர்கள். அந்த ஒரு சதவீதத்தைப் பேசுங்கள், காரியம் ஆகும்.

பத்தமடை வாசகர்: மனைவியை இயக்குநராக்கிவிட்டு, கூட்டத்துக்கு நானே போய்க் கையெழுத்துப் போடலாமா?

அதற்குக் கள்ளக் கையெழுத்து என்று பெயர். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்தபோது, 'தலைவர் வீட்டுக்காரர்' என்ற இன்னொரு பதவியை நாமாகவே உண்டாக்கிக்கொண்டோம். அதற்குத் தேர்தலும் இல்லை, தணிக்கையும் இல்லை. நாற்காலி மட்டும் உண்டு. அந்த வியாதியை வயலுக்கும் கொண்டுவராதீர்கள். உங்களுக்கும் ஆசை இருந்தால் நீங்களும் உறுப்பினராகுங்கள். ஒரே வீட்டில் இரண்டு வாக்கு, கசக்குமா?

தென்திருப்பேரை வாசகர்: நாராயணசாமி நாயுடு எந்தப் பயிற்சிக்குப் போய்த் தலைவர் ஆனார்?

எதற்கும் போகவில்லை. மின்கட்டணத்துக்கு எதிராக 1972-இல் கட்டை வண்டிகளைக் கோவைச் சாலைகளில் கொண்டுவந்து நிறுத்திய மனிதருக்கு யாரும் ஸ்லைடு போட்டுக் காட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் 1984 டிசம்பரில், நம் பக்கத்துக் கோவில்பட்டியில், அவர் உயிர் பிரிந்த பிறகு என்ன ஆயிற்று? அவருடைய விவசாயிகள் சங்கம் துண்டு துண்டானது. பச்சைத் துண்டு ஒன்றுதான், போட்டிருப்பவர்கள்தான் பல கட்சி. முதல் வரிசைத் தலைவர் தானாக முளைத்துவிடுவார். கணக்கு எழுதுகிற, கூட்டம் கூட்டுகிற, கோபித்துக்கொண்டு போனவரை வீடு தேடிப் போய் அழைத்துவருகிற இரண்டாவது வரிசையைத்தான் வளர்த்தெடுக்க வேண்டும். அந்தக் கடைசி வேலையில் நம் ஊர்ப் பெண்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள்.

ஸ்ரீவைகுண்டம் வாசகர்: குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மைக்கைக் கொடுத்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறதே?

ஒட்டிக்கொண்டால்கூடப் பரவாயில்லை. ஒட்டாமல் முக்கால் மணி நேரம் பேசுகிறவரால்தான் ஆபத்து. ஒரு கூட்டத்துக்கு ஒரு குறை மட்டும் கொண்டுபோங்கள். சர்வே எண், கால்வாய் பெயர், எந்தத் தேதியிலிருந்து என்று மூன்றையும் தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆற்றங்கரை வயல்களில் நெல்லுக்குப் பதில் மணல். அப்படியான நேரத்தில் சத்தம் போட்டவரைவிட, அடங்கல் நகலும் தேதி போட்ட படமும் வைத்திருப்பவர் பேச்சுக்குத்தான் எடை. பல வீடுகளில் அந்தக் காகிதங்கள் எந்த டிரங்குப் பெட்டியில், எந்தச் சேலைக்கு அடியில் இருக்கின்றன என்று தெரிந்தவர் யார்? அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மானூர் வாசகி: பயிற்சி நடத்தும் அதிகாரிகளுக்கு ஏதாவது சொல்லுங்களேன்!

பிசான நடவு நடக்கிற வாரத்தில் வைத்துவிட்டு 'பெண்கள் ஆர்வம் காட்டவில்லை' என்று அறிக்கை எழுதாதீர்கள். பத்து மணி வகுப்பைப் பன்னிரண்டுக்குத் தொடங்கி, குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை முடித்து, சாம்பார் சாதம் வந்ததும் கலைத்துவிடாதீர்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் வருகிற ஊராகப் பாருங்கள். கைக்குழந்தைக்கு ஒரு தொட்டில், ஒரு நல்ல கழிப்பறை. இந்த இரண்டும் இல்லாத மண்டபத்தில் எந்தப் பேராசிரியர் வந்து தலைமைப் பண்பைப் பற்றிப் பேசினாலும், கேட்க ஆண்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

சுத்தமல்லி வாசகர்: பயிற்சி முடித்தால் சான்றிதழ் தருகிறார்களாமே, அதை வைத்து என்ன செய்வது?

கண்ணாடி போட்டு மாட்டலாம். ஆணி அடிப்பதற்கு முன்னால், அதில் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை வாசித்துக்கொள்ளுங்கள்.