குழலுக்கு நேரே

எங்கள் பாட்டா துப்பாக்கி சுட்டு நான் பார்த்தது குறைவு. அதைத் துடைத்துப் பார்த்ததுதான் அதிகம். கடுக்கரைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மரச்சீனி விளை இருந்தது. ராத்திரி பன்றி இறங்கிக் கிழங்கைக் கிளறிப் போட்டுவிடும். அதற்காக லைசென்ஸ் எடுத்து வாங்கிய துப்பாக்கி அது. ஒற்றைக் குழல், வாய்வழியாக மருந்து போட்டு இடிக்கிற பழைய ரகம். தோட்டா கிடையாது. கரிமருந்தை அளந்து குழலுக்குள் கொட்ட வேண்டும். தேங்காய்த் தும்பைச் சுருட்டி வைத்து இடிகம்பியால் கெட்டிக்க வேண்டும். ஈயக் குண்டைப் போட்டு மறுபடி தும்பு, மறுபடி இடி. கடைசியாகக் குதிரைக்கு அடியில் கேப்பைச் செருகினால்தான் துப்பாக்கி தயார். பாட்டா பெரும்பாலும் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். அந்தச் சத்தத்துக்கே பன்றி காட்டுக்குள் ஓடிவிடும்.

வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும். ஒரு ராத்திரி அப்படியே விட்டால் போதும், குழலுக்குள் துரு பிடித்துவிடும். எங்கள் ஊரிலோ ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. விடிந்ததும் பாட்டா முற்றத்தில் வெந்நீர்ச் செம்போடு உட்காருவார். குழலுக்குள் வெந்நீரை ஊற்றுவார். கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு அது கீழே வடியும். தெளிந்த தண்ணீர் வருகிற வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பார். பிறகு இடிகம்பியின் நுனியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி இழுப்பார். துணி வெள்ளையாக வெளியே வந்தால்தான் எண்ணெய். எண்ணெயைத் தொட்ட விரலைத் தலையில் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்த்துச் சொல்வார்: “லே மக்கா, சும்மாதானே கெடக்குன்னு நெனச்சு கொழலுக்கு நேரே நிக்கப்பிடாது, கேட்டியா?”

அது எங்கள் வீட்டுச் சட்டம். மருந்து இல்லாத துப்பாக்கியானாலும் சரி, சுவரில் சாய்த்து வைத்ததானாலும் சரி, குழல் வாய்க்கு முன்னால் யாரும் குறுக்கே போகக் கூடாது. சோறு கொண்டுவரும் ஆச்சிகூடத் திண்ணையைச் சுற்றிக்கொண்டுதான் வருவாள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது பாட்டா அதை வேட்டியில் பொதிந்து, வாய் தரையைப் பார்க்கிற மாதிரி சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். வாக்கு எண்ணி முடிந்து திரும்பி வந்ததும் மறுபடி வெந்நீர், மறுபடி துணி.

அந்த நாளில் நாகர்கோவில் கொட்டகைகளில் பார்த்த படங்களிலெல்லாம் துப்பாக்கி சுட்டுக்கொண்டே இருக்கும். குண்டு தீராது. யாரும் துடைக்க மாட்டார்கள். பின்னால் வந்த வீடியோ கேம்களும் அப்படித்தான். ஒரு பொத்தானைத் தட்டினால் துப்பாக்கி தானே நிறைந்துகொள்ளும். இதனாலேயே துப்பாக்கி விளையாட்டு என்றால் நான் எழுந்து போய்விடுவேன்.

போன ஓணத்துக்குப் பெங்களூரிலிருந்து வந்த அண்ணன் மகன் அந்த எண்ணத்தை மாற்றினான். கண்ணை மூடிக் கட்டுகிற வி.ஆர். கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதில் அவன் ஆடுவது ‘இன்டு தி ரேடியஸ்’. எஸ்தோனியாவின் தாலின் நகரத்தில் இருக்கும் சி.எம். கேம்ஸ் நிறுவனம் செய்தது. முழு வடிவம் 2020இல் வந்தது. பெச்சோர்ஸ்க் என்ற ஊரும் அதன் சுற்றுவட்டாரமும் ஏதோ ஒரு விபரீதத்தில் சிக்கி, மனித வாசனையே இல்லாமல் கிடக்கின்றன. அதற்குள் தனி ஆளாகப் போய்வர வேண்டும். இடிந்த வீடுகள், காற்றில் அசையாமல் நிற்கும் சாமான்கள், இருட்டிலிருந்து எழுந்து வரும் கறுத்த ஆள் உருவங்கள். அந்த உருவங்களுக்கு மிமிக் என்று பெயர். அவையும் துப்பாக்கி வைத்திருக்கும்.

“சித்தப்பா, இதுல சும்மா அமுக்கினா வெடிக்காது, கேட்டேளா,” என்று சொல்லிக் கருவியை என் தலையில் மாட்டினான். முன்னால் ஒரு மேசை, அதன்மேல் ஒரு மகாரோவ் கைத்துப்பாக்கி. தோட்டாப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து மேகசினுக்குள் அழுத்த வேண்டும், எட்டு கொள்ளும். மேகசினைக் கைப்பிடிக்குள் தள்ள வேண்டும். மேல் பாகத்தைப் பின்னால் இழுத்து விட வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் விசை வெறுமனே சொடுக்கும். ஏ.கே.எம். என்றால் 30 தோட்டா. 1891இல் ரஷ்யர்கள் உருவாக்கிய மோசின் என்றால் ஐந்துதான். ஒவ்வொரு சூட்டுக்கும் கொண்டியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும்.

என்னை அசத்தியது அதற்கு அடுத்தது. சுடச் சுடத் துப்பாக்கி அழுக்காகிறது. கவனிக்காமல் விட்டால் தோட்டா குறுக்கே சிக்கிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு பயணமும் முடிந்து இருப்பிடத்துக்குத் திரும்பியதும், துப்பாக்கியை மேசையில் வைத்துத் துடைக்க வேண்டும். காகிதச் சுருள், எண்ணெய், குழலுக்குள் விடுகிற கம்பி எல்லாம் அங்கே இருக்கின்றன. நான் அந்த மேசையை விட்டு வெளியே போகவே இல்லை. மிமிக்குகளைப் பற்றி எனக்கு அக்கறையும் இல்லை. கம்பியைக் குழலுக்குள் விட்டு இழுத்தபோது என் தோளும் முழங்கையும் பாட்டாவின் அசைவை அப்படியே செய்தன. துப்பாக்கி என்றால் பெரும்பகுதி பராமரிப்பு, கொஞ்சம் பயம், எப்போதாவது ஒரு வெடி. இதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு பொழுதுபோக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாட்டாவின் துப்பாக்கிக்குப் பிறகு நான் தொட்ட உண்மையான துப்பாக்கி, இல்லாத ஒரு துப்பாக்கி.

ஆனாலும் எடை இல்லை. நிஜ மோசின் 4 கிலோ. கையில் இருப்பது கால் கிலோகூடத் தேறாத பிளாஸ்டிக். கந்தக நாற்றம் இல்லை. இவையெல்லாம் இன்னும் சில வருஷங்களில் வந்துவிடலாம். எனக்கு நெருடியது வேறு.

சாயங்காலம் அவன் கூடத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தான். அண்ணி தரையில் உட்கார்ந்து முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மூடிய கண்ணோடு அவன் சட்டென்று திரும்பிக் கையை நீட்டிக் குறிபார்த்தான். நேரே அம்மாவின் நெற்றி. அவனுக்கு அங்கே தெரிந்தது ஒரு மிமிக். அண்ணி கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான்தான் பாய்ந்துபோய் அவன் கையைத் தாழ்த்தினேன். “வெறும் கன்ட்ரோலர் சித்தப்பா,” என்றான். அது எனக்கும் தெரியும்.

மறுநாள் அவனைக் காற்றாடிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் நின்று பேசுவதே சிரமம். பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில்தான் திருவிதாங்கூர் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம். 2022 மே 15 அன்று வாடிகனில் புனிதராக அறிவிக்கப்பட்டார். இங்கே வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். முதலில் துப்பாக்கி வெடிக்கவில்லை. தேவசகாயம் அதைக் கையில் வாங்கி ஆசீர்வதித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகுதான் வெடித்தது.

நம்புகிறவர்கள் அதை அற்புதம் என்கிறார்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கியை அறிந்தவர்கள், தை மாதப் பனியில் மருந்து நமுத்திருக்கும் என்பார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. விளையாட்டில் தோட்டா சிக்கினால் நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மிமிக் நெருங்குகிறது, நம் உயிரைப் பற்றித்தான் நமக்குப் பயம். காற்றாடிமலையிலும் துப்பாக்கி சிக்கியது. ஆனால் அந்த இடைவெளியில் தெரிய வந்தது எதிரே நின்றவர். அவருக்குக் கை இருந்தது. அது நீண்டு துப்பாக்கியை வாங்கியது. சுட வந்தவன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். இதை அவனிடம் சொன்னபோது அவன் பதில் பேசவில்லை. திரும்பும் வழியில், அந்தத் துப்பாக்கியை ஒரு தடவை நிறைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டான். நன்றாகப் பழகிய வீரன் நிமிஷத்துக்கு மூன்று தடவை சுடுவான் என்றேன்.

தேவசகாயத்துக்குக் கிறிஸ்துவைச் சொல்லிக் கொடுத்த டிலனாய் என்பவரே டச்சுப் படையோடு வந்தவர்தான். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டார். அரசர் அவரைக் கொல்லவில்லை. தன் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் பட்டறை எழுந்தது. எந்த அரசின் படையை டிலனாய் பழக்கினாரோ, அந்த அரசின் வீரர்கள்தான் அவருடைய நண்பரைச் சுட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் 1777 வரை இங்கேயே இருந்தார். வலிய கப்பித்தான் என்று ஊர் அவரை அழைத்தது. கல்லறை கோட்டைக்குள் இருக்கிறது. அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.

எஸ்தோனியாவில் இருப்பவர்கள் தங்களுக்குப் பக்கத்து ரஷ்யத் துப்பாக்கிகளை எடுத்து இவ்வளவு அக்கறையோடு செய்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதே அக்கறையோடு குளச்சலைச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. அண்ணன் மகனிடம் விளக்கமாகவே சொல்லியிருக்கிறேன். ஆடிச் சாரலில் மருந்தை நனையாமல் காக்க வேண்டும். சக்கிமுக்கிக் கல் தேய்ந்தால் பொறி வரக் கூடாது. டச்சுக்காரர்களின் அடைப்புக்குள் மருந்துப் பீப்பாய் தீப்பிடித்து அரிசி எரிந்து போனதால்தான் அவர்கள் பணிந்தார்கள் என்பார்கள். ஆகவே சோற்றுக் கணக்கும் அதில் இருக்க வேண்டும். எதிரே வருகிற டச்சுச் சிப்பாய் கறுத்த உருவமாக இருக்கவே கூடாது. அவனுக்கு முகம் வேண்டும், பெயர் வேண்டும். பிடிபட்ட பிறகு 36 வருஷம் புலியூர்க்குறிச்சியில் குடியிருக்கப் போகிறவன் அவர்களில் ஒருவன்.