நாட் அவுட் அங்கிள்

சென்னையில் எந்தக் காலனி மைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனாலும் அவரைப் பார்க்கலாம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தொப்பை அதற்கு முன்பே தாண்டிவிட்டது. சாயம் போன மஞ்சள் ஜெர்சி, அரை டிராயர், ஒரே ஒரு முழங்காலில் நீ-கேப், தோளில் உறை போட்ட பேட். அந்த பேட் அவர் சொந்தக் காசில் வாங்கியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

நேரில் கூப்பிட்டால் ‘அண்ணா’. வாய் தவறி ‘அங்கிள்’ என்ற பையனுக்கு அன்றைக்கு ஓவர் கிடையாது. காலை முழுக்கச் சாக்கடைப் பக்கம் பீல்டிங்தான். முதுகுக்குப் பின்னால் மட்டும் அவர் நாட் அவுட் அங்கிள்.

அவர் ஆடும்போது பாருங்கள். பந்து ‘டிக்’கென்று பேட்டின் ஓரத்தில் பட்டு கீப்பர் கைக்குப் போகிறது. எதிர் பிளாட்டின் மூன்றாம் மாடியில் துணி காயப்போடும் அம்மாவே ஒரு நொடி திரும்பிப் பார்க்கிறார். பத்துப் பேர் ஒரே குரலில் கத்துகிறார்கள். அங்கிள் காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை. குனிந்து, பிட்ச்சில் இல்லாத மேட்டை பேட்டால் தட்டுகிறார். அடுத்து ஷூ லேஸ். ஒழுங்காக இருந்ததை அவிழ்த்து மறுபடி கட்டுகிறார். அப்புறம் வேப்பமரத்தின் மேல் காக்கா இருக்கிறதா என்று பார்க்கிறார். கத்தல் அடங்கியதும் நிமிர்ந்து, “என்னப்பா, அடுத்த பால் போடலையா?” என்பார்.

“அண்ணா, எட்ஜுண்ணா! நல்லா கேட்டுச்சு!”

“பேட் தரையில பட்ட சத்தம்டா அது.”

“பேட் காத்துலதானே இருந்துச்சு?”

“அப்போ பேன்ட்ல பட்டிருக்கும்.”

போட்டிருப்பது அரை டிராயர் என்று சொல்லிப் பயனில்லை. “சரி, அம்பயரைக் கேளு. அவர் சொல்றதுதான் ஃபைனல்” என்று பெருந்தன்மையாக விட்டுவிடுவார். காலனி கிரிக்கெட்டில் அம்பயர் யார்? பேட்டிங் அணியில் அடுத்து இறங்க வேண்டியவன். அவன் விரலைத் தூக்கினால் அவனே இறங்க வேண்டும். எந்த பேட்டை வைத்துக்கொண்டு? அங்கிளின் பேட்டை வைத்துக்கொண்டு. “நான் கிரீஸைப் பார்த்துட்டு இருந்தேண்ணா, சரியா கவனிக்கலை” என்று அவன் தலையைச் சொறிவான். தீர்ப்பு வந்துவிட்டது.

ஸ்டம்பே பறந்தால் என்ன செய்வார் என்று கேட்கலாம். முதல் பந்தென்றால் ட்ரையல் பால். இரண்டாவது பந்தென்றால் அவர் இன்னும் ரெடி ஆகவில்லை. மூன்றாவது என்றால் பவுலர் கையை மடக்கி எறிந்துவிட்டான். ரன் அவுட்டில் கோடே தகராறு. காலால் கிழித்த கோடு நாலு ஓவர் தாங்காது. எல்.பி.டபிள்யூ. மட்டும் எந்தக் காலனியிலும் கிடையாது. அங்கிள் இதுவரை மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்ட ஒரே விதி அதுதான்.

அவரே பந்து போட வந்தால் காட்சி மாறும். லெக் சைடில் ஒன்றரை அடி தள்ளிப்போன பந்தை கீப்பர் பிடித்தாலும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடுவார். அம்பயர் பக்கம் திரும்புவதே இல்லை. நேரே பேட்ஸ்மேனிடம் போய், காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும் அந்தப் பையனின் தோளில் கை போட்டு, “அம்பயரை விடு தம்பி. உன் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லு” என்பார். பையன் தொட்டுப் பார்த்துக் குழம்பி, படாத பந்துக்கு பேட்டைக் கொடுத்துவிட்டு வெளியே போவான்.

சாயங்காலம் டி.வி. முன்னால் அவரே தர்மதேவதை. 2003 உலகக் கோப்பை அரையிறுதியை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். போர்ட் எலிசபெத் மைதானம், அரவிந்த டி சில்வா பந்து, சங்கக்காரா கேட்ச். அம்பயர் ரூடி கோர்ட்ஸன் அவுட் இல்லை என்று தலையாட்டிவிட்டார். ஆனாலும் கில்கிறிஸ்ட் 22 ரன்னோடு தானாக நடையைக் கட்டினார். இந்த இடத்தில் அங்கிளுக்குத் தொண்டை அடைக்கும். அடுத்து, 2011 மார்ச் 20, சேப்பாக்கம். சச்சினின் நூறாவது சர்வதேச சதத்துக்கு அரங்கமே காத்துக்கொண்டிருந்த நேரம். மேற்கிந்தியத் தீவுகளின் ராம்பால் போட்ட பந்து உரசிக்கொண்டு கீப்பரிடம் போனது. அம்பயர் ஸ்டீவ் டேவிஸ் அவுட் கொடுக்கவில்லை. சச்சின் 2 ரன்னில் கிளம்பிவிட்டார். “நான் அன்னிக்கு ஸ்டாண்ட்லதான் இருந்தேன்” என்பார் அங்கிள். அன்றைக்கு அங்கே இருந்ததாகச் சொல்கிறவர்களை எல்லாம் உட்காரவைக்க மெரினா மணல் போதாது.

ஸ்டூவர்ட் பிராட் பெயரை எடுத்தால் காபி டம்ளர் ‘ணங்’கென்று மேஜையில் இறங்கும். 2013, டிரென்ட் பிரிட்ஜ். பிராட் 37-ல் இருக்கும்போது ஆஷ்டன் ஏகர் பந்து பேட்டில் பட்டு, கீப்பர் கிளவுஸில் பட்டு, முதல் ஸ்லிப்பில் கிளார்க் கைக்குப் போனது. அலீம் தார் விரலைத் தூக்கவில்லை. ஆஸ்திரேலியாவிடம் ரிவ்யூவும் மிச்சமில்லை. பிராட் 65 வரை போனார். இங்கிலாந்து 14 ரன்னில் ஜெயித்தது. “கொஞ்சம்கூட வெட்கமில்லாம நிக்கிறான் பாரு!” என்று அங்கிள் கொதிக்கும்போது சமையலறையிலிருந்து குரல் வரும்: “காலையில நீங்க எவ்ளோங்க?”

“நாட் அவுட்.”

எதிர்க்கட்சிக்கான ஆதாரமும் அவர் கைவசம் உண்டு. 1980 பம்பாய் பொன்விழா டெஸ்ட். அவுட் கொடுக்கப்பட்ட பாப் டெய்லரை இந்திய கேப்டன் விஸ்வநாத் திரும்பக் கூப்பிட்டார். 58 ரன்னுக்கு 5 விக்கெட்டைப் பறிகொடுத்திருந்த இங்கிலாந்து, டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்ததில் எழுந்து, பத்து விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டுப் போனது. “நல்லவனா இருந்தா பத்து விக்கெட்ல தோப்போம்டா.” இது காலை ஆட்டத்துக்கான மேற்கோள். கில்கிறிஸ்ட் மாலைக்கு.

அவரைத் திட்டுவதற்கு முன் சட்டப் புத்தகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். அப்பீல் இல்லாமல் அம்பயர் அவுட் கொடுக்கக் கூடாது என்கிறது 31-ஆம் விதி. அவுட்டான பேட்ஸ்மேன் அப்பீலுக்குக் காத்திராமல் தானே போகலாம் என்றும் அதே விதி அனுமதிக்கிறது. போயே தீரவேண்டும் என்று ஒரு வரி கிடையாது. 2000-ல் விதிகளுக்கு முன்னால் ‘ஸ்பிரிட் ஆஃப் கிரிக்கெட்’ என்று ஒரு முன்னுரை சேர்த்தார்கள். அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் காலின் கவுட்ரி, பிறந்தது ஊட்டியில். (“நம்ம நீலகிரிக்காரர்!” என்று அங்கிள் உறவு கொண்டாடுவார்.) அவுட் இல்லை என்று தெரிந்தே அப்பீல் செய்வது ஏமாற்று வேலை என்று அந்த முன்னுரை எழுதிவைத்தது. எட்ஜ் எடுத்துவிட்டு அசையாமல் நிற்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆக, புத்தகப்படி அங்கிளின் பேட்டிங்கில் பழுதில்லை. பவுலிங்தான் குற்றம்.

பிராட் மீது எனக்கும் பெரிய கோபமில்லை. அலீம் தார் சம்பளம் வாங்கிக்கொண்டு நடுவில் நின்றவர். பிராடுக்கு அடுத்து பேட் பிடிக்க வேண்டியவர் இல்லை. அவர் தப்பாக அவுட் கொடுத்தாலும் பிராட் போகத்தான் வேண்டும், அதனால் கொடுக்காதபோது நின்றார். கணக்கு நேர். காலனியில் அந்தக் கணக்கு உதைக்கும். அங்கே ரிவ்யூ இல்லை, ஸ்னிக்கோ இல்லை, அம்பயர் பாதி பேட்ஸ்மேன். பேட்டில் பட்டதா என்று சத்தியமாகத் தெரிந்த ஒரே ஆள் பேட் பிடித்தவர். அவர் வாயை மூடிக்கொண்டால் அதற்குமேல் நடப்பது போங்காட்டம். கோடிக்கணக்கான பேர் பார்க்கும் டெஸ்ட் மேட்சை விட, எட்டுப் பேரும் ஒரு நாயும் பார்க்கும் ஞாயிறு ஆட்டத்துக்குத்தான் பேட்ஸ்மேன் தானாக நடப்பது அதிகம் தேவைப்படுகிறது.

அஷ்வின் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஐ.பி.எல்.லில் ஜெய்ப்பூரில் பட்லரை நான்-ஸ்டிரைக்கர் பக்கம் அஷ்வின் ரன் அவுட் செய்தபோது அங்கிள் முழுக்க அவர் கட்சி. “மாம்பலத்துப் பையன், ரூல் புக்கைக் கரைச்சுக் குடிச்சவன். கோட்டைத் தாண்டினா அவுட்தான், இதுல என்ன ஸ்பிரிட்?” 2022-ல் அந்த விதியை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற பகுதியிலிருந்து எடுத்து ரன் அவுட் பகுதிக்கு மாற்றியபோது ஸ்வீட் வாங்கிக் கொடுக்காத குறை. அதற்கப்புறம் ஒரு ஞாயிறு, எட்டாவது படிக்கும் பொடியன் ஒருவன் பந்து போட ஓடிவந்தவன் சட்டென்று நின்று, மூன்றடி முன்னால் போய்விட்ட அங்கிளின் ஸ்டம்பைத் தட்டிவிட்டான்.

“இது ஜென்டில்மேன்ஸ் கேம்டா! உங்க ஸ்கூல்ல இதான் சொல்லித் தர்றாங்களா?”

பேட் உறைக்குள் போனது. மேட்ச் எட்டேகால் மணிக்கு முடிந்தது.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். டென்னிஸ் பால் ஆட ஒரு சுமாரான பேட் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. பதினோரு பேரும் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த மேட்ச்சுக்குக் காத்திருக்கும் அணியிலிருந்து ஒருவனை அம்பயராக நிறுத்துங்கள். அங்கிளை விலக்க வேண்டாம். அவர் வராவிட்டால் காலை ஆறு மணிக்கு யார் ஸ்டம்ப் நடுவது? புது பேட்டை மட்டும் அவர் வீட்டில் வைத்துவிடாதீர்கள்.