ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பதினோராவது முறை

சித்திரை பிறந்தால் ஊரில் வெயில் கொளுத்தும். இங்கிலாந்து மாப்பிள்ளைக்கு வயிறு கலங்கும். மதுரையிலிருந்து தொலைபேசி வந்துவிடும். "விசா வந்துடுச்சு மாப்பிள்ளை. ஆறு மாசம் போட்டிருக்கான்." மாமனாரின் குரலில் பூரிப்பு. மாப்பிள்ளை மனத்துக்குள் கணக்குப் போடுகிறார்: இருபத்தாறு சனி, இருபத்தாறு ஞாயிறு.

ஹாரோ, ஈஸ்ட்ஹாம், ஸ்லவ் என்று எங்கே குடியிருந்தாலும் இந்த மாப்பிள்ளை ஒருவர்தான். வந்த புதிதில் அவருக்குத் தெரிந்த இங்கிலாந்து அலுவலகம், ரயில் நிலையம், பக்கத்திலிருக்கும் டெஸ்கோ, அவ்வளவே. இன்று எந்த அரசர் எந்தக் கோட்டையை ஏன் இடித்தார் என்பது வரை சொல்வார். வரலாற்றின் மேல் வந்த காதல் அல்ல இது. பெண் கொடுத்தவர் கேள்வி கேட்கும்போது "தெரியாது மாமா" என்று சொல்ல நாக்கு எழாமல், முதல் நாள் இரவு உட்கார்ந்து படித்துப் படித்தே வந்த அறிவு.

காலை ஆறு மணிக்கு வாடகைக்கு எடுத்த ஏழு இருக்கை வண்டியில் சாமான் ஏறும். புளியோதரை ஒரு தூக்கு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு டப்பா, தயிர் சாதம், முறுக்கு, பிளாஸ்கில் காபி. குடிக்கத் தண்ணீர் பாட்டில்கள் ஆறு. ஏழாவது பாட்டில் குடிப்பதற்கல்ல. எதற்கென்று யாரும் கேட்பதும் இல்லை.

முன்சீட்டு மாமாவுக்கு. வழி சொல்லும் கூகுள் பெண் மேல் அவருக்கு நம்பிக்கையில்லை. "அந்தப் பொண்ணு கெடக்குது, நீங்க போர்டைப் பாருங்க மாப்பிள்ளை." லண்டனைச் சுற்றி ஓடும் எம் 25 சாலையின் நீளம் 117 மைல், அதாவது 188 கிலோமீட்டர். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை மாலையில் எது சீக்கிரம் முடியும் என்று கேட்டால் மாப்பிள்ளை யோசித்துத்தான் பதில் சொல்வார்.

முதல் யாத்திரை எப்போதும் ஸ்டோன்ஹெஞ்ச். ஏ 303 சாலையில் போகும்போதே கற்கள் தெரிந்துவிடும். வண்டிக்குள் ஒரு நொடி அமைதி. பிறகு அத்தை கேட்பார்: "இதுதானா?" இதுவரை அழைத்துவந்த அத்தனை உறவினரும் கேட்ட கேள்வி. கற்களோ இங்கே; டிக்கெட் கொடுக்கும் இடமோ இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. அங்கே போய்ப் பணம் கட்டி, அவர்கள் விடும் பஸ்ஸில் ஏறி, ஓசியில் பார்த்த அதே கல்லைக் காசு கொடுத்துப் பார்க்கத் திரும்பி வரவேண்டும். மாமா ஒரு பவுண்டை நூறு ரூபாயாக்கி, மேலே கொஞ்சம் போட்டு, ஏழு தலைக்குப் பெருக்கிவிட்டு, சற்று நேரம் பேசாமல் வருவார்.

மாப்பிள்ளை சொற்பொழிவைத் தொடங்குவார். சுமார் 4,500 ஆண்டுப் பழமை. பெரிய கற்கள் சராசரியாக 25 டன். சின்னக் கற்கள் வேல்ஸ் மலையிலிருந்து வந்தவை. நடுவில் கிடக்கும் ஆறு டன் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியிலிருந்து வந்தது என்று 2024இல்தான் கண்டுபிடித்தார்கள். மாமா பொறுமையாகக் கேட்டுத் தீர்ப்பு வழங்குவார்: "தஞ்சாவூர்ல இருநூறு அடிக்கு மேல கோபுரமே எழுப்பிட்டான். இவங்க நிலைவாசல் வச்சதோட நிறுத்திட்டாங்க." பெரிய கோயிலுக்கு இது முப்பத்தைந்து நூற்றாண்டு மூத்தது என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். சொல்லமாட்டார்.

மாமாவை நிமிர்ந்து உட்கார வைக்கும் செய்தி வேறொன்று. 1915இல் இந்தக் கற்கள் நிற்கும் 30 ஏக்கர் நிலம் ஏலத்துக்கு வந்தது. செசில் சப் என்ற உள்ளூர்க்காரர் 6,600 பவுண்டுக்கு எடுத்தார். மூன்றே ஆண்டில் நாட்டுக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டார். "தானமாவா? பத்திரம் பதிஞ்சா?" மறு ஆண்டு அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது என்றதும் மாமாவின் முகம் தெளியும். "அதானே பார்த்தேன்."

பாத் நகரத்தில் அத்தையின் முறை. ரோமானியர் கட்டிய குளத்துக்கு 46 டிகிரி சூட்டில் ஊற்று பொங்குகிறது. ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கும் மேல். ஆனால் அதில் கை நனைக்கக் கூடாது. பையிலிருந்து பாதி வெளியே வந்த துண்டு மறுபடி உள்ளே போகும். "தீர்த்தத்துக்கு வந்துட்டு வேடிக்கை பார்த்துட்டா போவாங்க?"

லண்டன் டவரில் கோஹினூர் வைரம் இருக்கும் அறையில் படம் எடுக்கத் தடை. கிரீடங்களுக்கு முன்னால் நிற்கவும் முடியாது. காலடியில் தரையே நகர்ந்து ஆளை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். மாமா சுற்றி வந்து மூன்று முறை ஏறுவார். 1849இல் பத்து வயதுச் சிறுவன், பஞ்சாப் மன்னன் துலீப் சிங்கிடமிருந்து ஆங்கிலேயர் ஒப்பந்தம் போட்டு வாங்கியது என்று மாப்பிள்ளை மெல்லச் சொன்னால், மாமா உரக்கச் சொல்வார்: "நம்ம பொருளை நாமளே டிக்கெட் வாங்கிப் பார்க்கணுமா?" காவலருக்குத் தமிழ் தெரியாதது மாப்பிள்ளையின் பூர்வ புண்ணியம்.

வானிலையையும் மாமா விடமாட்டார். "எப்பப் பாரு மழை!" லண்டனில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர், சென்னையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இங்கே அதை வருஷம் முழுக்கத் தவணையில் கட்டுகிறார்கள். ஜூன் மாதச் சூரியன் இரவு ஒன்பது மணி தாண்டித்தான் மறைகிறது. விளக்கேற்றுவது எப்போது? அத்தை நான்கு நாள் குழம்பி, ஐந்தாம் நாள் சென்னை நேரப்படி ஆறு மணிக்கே ஏற்றத் தொடங்கினார். இங்கே அப்போது பகல் ஒன்றரை.

ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டுக்கு இருபது நிமிடம். அங்கிருந்து பர்மிங்காம் பக்கம் டிவிடேலில், 2006இல் குடமுழுக்குக் கண்ட பாலாஜி கோயிலுக்கு மூன்று மணி நேரம். எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவர்கள் முகம் மலர்ந்து பார்ப்பது பெருமாளைத்தான்.

ஓரிடத்தில் மட்டும் மாமா எதையும் பெருக்குவதில்லை. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி வாசல். 1914இல் வந்த கணிதமேதை ராமானுஜன் இங்கேதான் இருந்தார், அறையிலேயே தானே சமைத்துச் சாப்பிட்டார், போர்க்காலத்தில் காய்கறிக்கும் திண்டாடினார் என்று மாப்பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் அத்தைக்குக் கண் கலங்கிவிடும். "ஐயோ, புள்ள என்னத்தைத் தின்னுச்சோ!" கேம் ஆற்றங்கரையில் புளியோதரைத் தூக்கு திறக்கப்படும். மாப்பிள்ளைக்கு அன்று இரண்டு கரண்டி கூடுதல்.

ஊர் திரும்பியதும் மாமா தெருவெல்லாம் சொல்வார்: "மாப்பிள்ளை ஒரு இடம் பாக்கி வைக்கல." அடுத்த சித்திரையில் மாமாவின் தம்பி குடும்பத்துக்கு விசா வந்துவிடும். ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பதினோராவது முறை.

இந்தக் கோடையில் பெட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். விண்ட்சர் கோட்டை செவ்வாயும் புதனும் மூடியிருக்கும். அந்த இரண்டு நாளாவது மாப்பிள்ளையை நிம்மதியாக அலுவலகம் போக விடுங்கள்.