நுரை மாமா

காலிங் பெல் அடிக்கும். திறந்தால் இடது கையில் எவர்சில்வர் கிண்ணம் நிறைய சோப்பு நுரை, வலது கையில் பழைய ஷேவிங் பிரஷ். "புது சிலிண்டர் வந்துதாமே?" சிலிண்டர்காரர் இன்னும் மாடிப்படி இறங்கி முடித்திருக்க மாட்டார்.

திருவானைக்காவலில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக்கு வாய்த்தவர் இவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், கிண்ணம்தான் வேறாக இருக்கும்.

அடுப்பை அணைக்கச் சொல்வார். குழம்பு பாதிக் கொதியில் நிற்கும். முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, ரெகுலேட்டர் கழுத்தில் நுரை தடவுவார். பிறகு ஆரஞ்சு டியூபின் இந்த முனை, அந்த முனை, அடுப்புத் திருகு. தடவிவிட்டு உற்றுப் பார்ப்பார். குமிழி கிளம்பினால் லீக்.

"நுரைன்னாலே குமிழிதானே மாமா, இதுல எது கேஸ் குமிழி?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"வளரணும். ஒண்ணு ஊதி உடையும், அதே எடத்துல இன்னொண்ணு ஊதும். அதுதான்."

எதுவும் ஊதாது. மற்றவர்களாக இருந்தால் சந்தோஷப்படுவார்கள். மாமாவுக்கு முகம் தொங்கிவிடும். "எதுக்கும் இன்னொரு கோட்டிங்" என்று மறுபடி பிரஷ்ஷை முக்குவார்.

அடுத்தது மூக்குப் பரிசோதனை. சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டான் கலந்து நாற வைக்கிறார்கள். தவிர அது காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத் தங்கும். ஆகவே நின்றுகொண்டு மோந்து பார்ப்பது மாமா அகராதியில் அறியாமை. எழுபத்துநாலு வயதில் எங்கள் சமையலறையில் குப்புறப் படுத்து, மூக்கைத் தரையில் வைத்து இழுப்பார். முதல் தடவை பார்த்த என் மாமியார், யாரோ நமஸ்காரம் பண்ணுகிறார் என்று நினைத்து, "தீர்க்காயுசா இரு" என்று ஆசீர்வாதம் செய்துவிட்டார்.

பஞ்சபூதத் தலங்களில் இந்த ஊர் நீருக்கு. நெருப்புக்குத் திருவண்ணாமலை. மாமா ஏதோ டிரான்ஸ்ஃபர் ஆர்டர் மாறி இங்கே வந்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

போன டிசம்பரில் அவருக்குப் பெரிய திருவிழா. மேல் வீட்டுப் பையன் அமெரிக்காவிலிருந்து வந்து, மொட்டை மாடியில் கேஸ் பார்பெக்யூ அடுப்பு வைத்தான். பனீர் சுட்டுத் தருகிறேன் என்று எல்லோரையும் கூப்பிட்டிருந்தான். மூடியைத் திறக்காமலே பற்றவைக்கப் போனான். "மூடியைத் தொறடா!" ராஜகோபுரத்துப் புறா எல்லாம் பறந்திருக்கும். உள்ளே கேஸ் சேர்ந்து நிற்கும்போது பொறி பட்டால் மூடி மேலே போகும், முகமும் கூடப் போகும். திறந்து அழுத்தினான், பற்றவில்லை. "மூடு வால்வை. அஞ்சு நிமிஷம் ஆகட்டும்." கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அஞ்சு நிமிஷம். அதற்கப்புறம் நுரை. எண்ணெய் சொட்டும் தட்டில் பழைய பிசுக்கு இருந்தால் அதுவே தீப்பிடிக்கும் என்று அதைக் கழுவச் சொன்னார். பத்தரை மணிக்குப் பனீர் சாப்பிட்டோம். அவர் சொன்ன அத்தனையும் நியாயம், அதுதான் எரிச்சல்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த மாமா வாழ்நாளில் அடுப்புப் பற்றவைத்தது கிடையாது. சிலிண்டர் வளையத்தில் 'பி' என்று இருந்தால் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் சோதனைக்குப் போக வேண்டும் என்று தெரியும், டியூபுக்கு அஞ்சு வருஷம் என்று தெரியும். பர்னர் ஓட்டை அடைத்து, சுடர் மஞ்சளாகிப் பாத்திரம் கரி பிடித்தால், ஊக்கால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுப்பது யார் என்று தெரியாது. ஒரு டம்ளர் காப்பி கலக்கத் தெரியாது. மாமி ஐம்பது வருஷமாக அந்த நெருப்பின் முன்னால் நிற்கிறார். அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சென்ற மாதம் மாமா எங்கள் தரையில் குப்புறக் கிடந்த வேளையில் அவர் வீட்டில் நிஜமாகவே கசிந்தது. மாமி பூஜை அறையிலிருந்தே வாசனையைப் பிடித்துவிட்டார். விளக்கை ஏற்றப்போன கையை இழுத்துக்கொண்டு, ஸ்விட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடிக் கழற்றினார். சிலிண்டர் வாயில் மூடியை மாட்டி, கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, வெளியே தள்ளி வந்து 1906க்குப் போன் போட்டார். ஆள் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போயாகிவிட்டது. மாமா திரும்பும்போது வீட்டில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்கிட்ட சொல்லப்படாதா?"

"நீங்க டூட்டியில இருந்தேளே" என்றாராம் மாமி.

மறுநாள் காலை பெல் அடித்தது. கிண்ணம், நுரை, பிரஷ்.

"நேத்து எங்காத்துல லீக்கு, தெரியுமோ? கண்டுபிடிச்சுட்டோம்" என்றார்.