அலாட்மெண்ட் தலைவர்

மயிலம் ஒன்றிய அலுவலகத்துக்குள் ஓர் ஊராட்சித் தலைவர் நுழைகிறார் என்றால், எதற்காக வருகிறார் என்பதை நடையை வைத்தே சொல்லிவிடலாம். தெருவிளக்குக்கு வருகிறவர் கையை வீசிக்கொண்டு வருவார். தண்ணீர் டேங்க் மோட்டாருக்கு வருகிறவர் வாசலிலேயே குரலை ஏற்றிக்கொண்டு வருவார். அரசு வீடு கேட்டு வருகிறவர் மட்டும், யாரும் சொல்லாமலே செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார்.

அந்த மூன்றாமவர்தான் அலாட்மெண்ட் தலைவர். கட்சி எதுவாகவும் இருக்கலாம். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் பூட்டு சாவியிலோ ஆட்டோவிலோ ஜெயித்திருப்பார். விழுப்புரம் மாவட்டத்தில் அந்தத் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. அதனால், வேறு பல மாவட்டங்களின் தலைவர்கள் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து 'முன்னாள்' ஆனபோது, இவருக்கு ஒன்றே முக்கால் வருஷம் மிச்சமிருந்தது. அந்த மிச்சத்துக்குள் ஊருக்கு எத்தனை வீடு வாங்கிவிட முடியும் என்பது ஒன்றே அவருடைய அரசியல், பொருளாதாரம், தூக்கமின்மை எல்லாம்.

ஆள் அடையாளம் எளிது. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் நான்கு பேனா, கக்கத்தில் நகைக்கடைக்காரர் கொடுத்த பை. பைக்குள் நகை தவிர மற்றதெல்லாம் இருக்கும்: ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பாஸ்புக் முதல் பக்கம், நத்தம் பட்டா, போனில் எடுத்த குடிசைப் படங்களின் பிரிண்ட். ஊரில் எந்த மனையின் பட்டா யார் பேரில் இருக்கிறது என்பது வி.ஏ.ஓ.வுக்கு அடுத்தபடி இவருக்குத்தான் தெரியும். சில வீடுகளில் வீட்டுக்காரருக்கே இவர்தான் சொல்ல வேண்டும்.

"உன் பேர்ல இல்ல மாமா. உங்க பெரியப்பா பேர்ல கீது."

"அவரு செத்து முப்பது வருஷம் ஆவுதே!"

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது மாமா."

பட்டா இல்லாவிட்டால் வீடு இல்லை. ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் தலைவரால் கையை விரிக்கத்தான் முடியும். ஏழை என்று காட்டுவதற்கும் கொஞ்சம் சொத்து வேண்டியிருக்கிறது.

தலைவரோடு அவர் ஊருக்குள் ஒரு நடை போய்வந்தால் தமிழ்நாட்டின் நாற்பது வருஷ ஆட்சி வரலாறு கிடைத்துவிடும். சுவரைத் தட்டியே சொல்வார். "இது தொகுப்பு வீடு, இந்திரா காலம்" என்பார். உண்மையில் இந்திரா குடியிருப்புத் திட்டம் தொடங்கியது 1985இல், இந்திரா காந்தி மறைந்த அடுத்த வருஷம். தலைவர் அதையெல்லாம் பார்ப்பதில்லை. அடுத்தது 2010இல் வந்த கலைஞர் வீடு. மாநிலத்தில் உள்ள 21 லட்சம் குடிசைகளையும் ஆறே வருஷத்தில் கான்கிரீட் ஆக்குவதாக அறிவித்த திட்டம் அது. அடுத்த வருஷமே ஆட்சி மாறியது. அம்மா அரசு 300 சதுர அடியில், சூரிய மின்விளக்கோடு பசுமை வீடு என்று வேறொரு திட்டம் கொண்டுவந்தது. "இவன் பச்சை வூடு. மேல பாரு, தகடு கீது. லைட்டு எரியுதான்னு கேக்காத." அப்புறம் 2016இல் வந்த பிரதமர் வீடு. கடைசியாக 2024இன் கலைஞரின் கனவு இல்லம்: 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய், 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு. ஒரே தெருவில் அண்ணன் பச்சை வீட்டிலும் தம்பி மோடி வீட்டிலும் மாமியார் தொகுப்பு வீட்டிலும் இருப்பார்கள். மூன்றும் ஒழுகும் இடங்கள் வேறு வேறு.

பிரதமர் வீடு பற்றிப் பேசும்போது தலைவரின் ராஜதந்திரம் முழு வீச்சில் வெளிப்படும். கேட்பவரின் சட்டைப் பையில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். தாமரைக்காரர் கேட்டால், "மோடி வீடுண்ணே, டெல்லியிலிருந்து நேரா அக்கவுண்ட்டுக்கு வருது." உதயசூரியன்காரர் கேட்டால் பையிலிருந்து கால்குலேட்டர் வெளியே வரும். அடிப்படைத் தொகை 1.20 லட்சம். அதில் மத்திய அரசு நூற்றுக்கு அறுபது, மாநிலம் நாற்பது. ஆக டெல்லி தருவது 72,000, சென்னை தருவது 48,000. கான்கிரீட் கூரைக்கென்று மாநிலம் தனியாகப் போடுவது 1.20 லட்சம். மொத்தம் 2.40 லட்சத்தில் மாநிலத்தின் பங்கு 1.68 லட்சம். "பேரு அவங்களுது, பணம் நம்முளுது தலைவா." இரண்டு பேச்சுமே பொய்யில்லை என்பதுதான் அவருடைய சாமர்த்தியம்.

ஆனால் வீடு யாருக்கு என்று முடிவுசெய்வது டெல்லியும் இல்லை, சென்னையும் இல்லை, தலைவருமில்லை. பட்டியல். பிரதமர் வீட்டுக்கு அடிப்படையாக இருந்தது 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு. அன்றைக்குக் கணக்கெடுக்க வந்தவரிடம் பெருமைக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொன்ன குடும்பங்கள் பின்னால் பல வருஷம் அதற்கு வட்டி கட்டின. தகுதியிழப்புக்குப் பதின்மூன்று விதிகள் இருந்தன. அரசு வேலை இருந்தால் கிடையாது, வருமான வரி கட்டினால் கிடையாது என்பதெல்லாம் சரி. மோட்டார் சைக்கிள் இருந்தால் கிடையாது. லேண்ட்லைன் போன் இருந்தால் கிடையாது. ஃப்ரிட்ஜ் இருந்தால் கிடையாது. தமிழ்நாட்டில் இதைக் கிராமசபையில் படித்துக்காட்டுவதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டும். அரசு கொடுத்த கலர் டிவி இருக்கலாம், அடுத்த அரசு கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் இருக்கலாம். மருமகள் சீராகக் கொண்டுவந்த ஃப்ரிட்ஜ் மட்டும் கூரை வீட்டுக்குள் நின்றுகொண்டு கான்கிரீட் வீட்டைத் தடுத்துவிடும்.

"அது ஃப்ரிட்ஜ் இல்ல சார், துணி வெக்கிற பீரோ" என்று தலைவர் வாதாடிய காலம் உண்டு. திறந்து பார்த்தால் உண்மையிலேயே துணிதான் இருந்தது. மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து அந்த வீட்டம்மா அதை அப்படித்தான் வைத்திருந்தார். 2024இல் ஃப்ரிட்ஜ், இருசக்கர வாகனம், லேண்ட்லைன் மூன்றையும் நீக்கி விதிகளைப் பத்தாகக் குறைத்தார்கள். லேண்ட்லைன் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய காலம் வந்த பிறகுதான் அந்த விதிக்கு விடுதலை கிடைத்தது.

பட்டியலில் பேர் வந்தால் அது தலைவர் வாங்கிக்கொடுத்தது. வராவிட்டால் தலைவர் வெட்டிவிட்டது. ஊரின் நீதி இதுதான். கணினி வரிசைப்படுத்திய பட்டியலைக் கிராமசபையில் இரண்டே வேலைகளுக்காகப் படிப்பார்கள்: கைதட்டு வாங்குவது, திட்டு வாங்குவது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கிராமசபை நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கியபோது ஜனநாயகம் விரிவடைந்தது என்று எழுதினார்கள். அலாட்மெண்ட் தலைவரைப் பொறுத்தவரை திட்டு விழும் நாள்கள் நான்கிலிருந்து ஆறாயின.

பணத்தில் கை வைக்கிறார் என்ற பேச்சும் உண்டு. தவணைகள் நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போகின்றன. சிமெண்டும் கம்பியும் அரசே கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்கிறது. இடையில் புகுந்து ஏதாவது தேற்ற நினைப்பவர்கள் சில சமயம் லஞ்ச ஒழிப்புத் துறையினர் ரசாயனம் தடவிக்கொடுத்த நோட்டைத் தொட்டுக் கை சிவக்கிறார்கள். நம்மவர் அந்த ரகமில்லை. டீக்காசுகூட அவர் கையிலிருந்துதான் போகிறது. அதிகாரியைப் பார்க்கக் கூட்டேரிப்பட்டில் பஸ் பிடித்து விழுப்புரம் போகிற திங்கட்கிழமைகளில், குறைதீர் கூட்டத்துக்குத் தன்னோடு வரும் நான்கு ஆயாக்களுக்கும் சாப்பாடு அவர் பொறுப்பு.

அவருக்கு ஒரு தீராத பொறாமை உண்டு. பக்கத்து வானூர் ஒன்றியத்தில் கொழுவாரி. 2022 ஏப்ரலில் முதலமைச்சரே வந்து அங்கே பெரியார் நினைவு சமத்துவபுரத்தைத் திறந்துவைத்தார். ஒரே இடத்தில் நூறு வீடு! இங்கே மூன்று வீட்டுக்கு முப்பது மனு எழுதுகிறவருக்கு அந்த நூறு என்ன செய்திருக்கும்? மயிலம் மலையேறி முருகனிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார். மலைமேல் போடும் மனுவுக்கு இணைப்பு நகல் வேண்டாம் என்பது அவருக்குப் பிடித்த வசதி.

பிறகு ஃபெஞ்சல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மறுநாள் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்தால் மயிலத்தில் 51 சென்டிமீட்டர், மாநிலத்திலேயே அதிகம். டிவியில் ஊர்ப்பேரைச் சொல்லச் சொல்ல தலைவருக்கு அழுகையா பெருமையா என்று தெரியவில்லை. பிரதமர் வீட்டின் குறைந்தபட்ச அளவான 25 சதுர மீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால், அந்த ஒருநாள் மழையில் ஒரு சின்னக் கூரைமேல் மட்டும் 12,750 லிட்டர் விழுந்திருக்கிறது. டேங்கர் லாரி ஒன்றை அப்படியே ஓலைமேல் கவிழ்த்தது போல.

அந்த வாரம் மட்டும் யாரும் தலைவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குச் சோற்று அண்டா தூக்கினார். நகைக்கடைப் பையைப் பாலித்தீன் கவருக்குள் போட்டு எரவாணத்தில் செருகி வைத்திருந்தார். அரசு, ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய் என்றும், சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் என்றும் அறிவித்தது. உடனே கணக்கெடுப்பு. முழுச் சேதமா, பகுதிச் சேதமா?

"நிக்குது சார், ஆனா உள்ள போவ முடியாது" என்றார் தலைவர்.

"நின்னா பகுதிதான்."

குடிசைக்கார ஆயா குறுக்கே புகுந்தார். "பாதி வுழுந்த வூட்ல பாதியா படுக்க முடியுமா சாரு?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

உத்தரவு கைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் வீடு கட்டாதவர்கள். கனவு இல்லத்தின் மூன்றரை லட்சத்தை 360 சதுர அடியால் வகுத்தால் சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்கூட வராது. இந்தக் கணக்கை மேஸ்திரியிடம் சொன்னால், அவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரிப்பார். இடைவெளியை நிரப்புவது மல்லாட்டை விற்ற காசும், மகளிர் குழுக் கடனும், அடகுக்கடையும். தலைவரின் இரண்டாவது அவதாரம் இங்கேதான். மேஸ்திரியிடம் கூலி குறைக்கச் சொல்வார், ஜல்லிக்காரரிடம் கடன் சொல்வார், செண்ட்ரிங் பலகையை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தானே தள்ளிக்கொண்டு போவார். சொந்த வீட்டைக் கட்டும் நாள்களுக்கு நூறுநாள் வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலி உண்டு என்பதை மறக்காமல் பதிய வைப்பார்.

அப்புறம் போட்டோ. ஒவ்வொரு நிலையிலும் பயனாளியை முன்னால் நிறுத்திச் செயலியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். அடித்தளம் வந்தால் படம், லிண்டல் வந்தால் படம், தளம் போட்டால் படம். படம் ஏறினால்தான் தவணை இறங்கும். சிக்னல் இல்லாத தெருவில் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி தலைவர் வட்டமடிப்பார். கல்யாணத்துக்குக்கூடப் படம் எடுத்துக்கொள்ளாத ஆயா, ஆறு மாதத்தில் நான்கு முறை கேமரா முன் நின்று, கடைசி முறை தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தார். "சிரிக்காத ஆயா, நேரா பாரு" என்றால், "ஏன், சிரிச்சா துட்டு வராதா?" என்றார்.

அந்த ஆயா வீட்டைக் கடைசியாக அளக்க ஓவர்சியர் ஏறிப்பார்த்தபோது தளத்தின் நான்கு மூலையிலும் ஒன்றரை அடிக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. எஸ்டிமேட்டில் இல்லாத கம்பி.

"இது இன்னா ஆயா?"

"மேல ஒரு வூடு வரும்ல சாரு. பேரனுக்கு."

"அதுக்கு யாரு பணம் குடுப்பாங்க?"

"அடுத்து வர்றவங்க குடுப்பாங்க."

ஓவர்சியர் நியாயம் கேட்கத் தலைவரைத் தேடினார். தலைவர் கீழே திண்ணையில் பேரனை உட்காரவைத்து, அவனுக்கு ரேஷன் கார்டு தனியாகப் பிரித்தாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.